ஒருசந்தி இருக்க முடியவில்லையே!

கேள்வி: எனக்கு 62 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். எங்கள் அம்மா தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருந்தவர். நானும் அப்படியே இருந்துவந்தேன். இப்போது வேளை தவறாமல் சாப்பிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருநீற்றுப் புதனன்றுகூட மூன்று வேளை சாப்பிடுவது மனதை உறுத்துகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஃபாதர். சொத்துத் தகராறில் தங்கையோடு நாலு வருடமாகப் பேச்சே இல்லை. இந்தத் தவக்காலத்தை நான் எப்படி அனுசரிப்பது?

- வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் அந்த உறுத்தலை விட்டுவிடுங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, உண்ணாநோன்புக் கடமை 18 வயது நிறைந்ததும் தொடங்கி, 59 வயது நிறைந்ததும் முடிகிறது. கட்டாய நாள்களும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே. நோயாளிகளைத் திருச்சபை வற்புறுத்துவதில்லை. வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் கறி விலக்கும் சுத்தபோசனத்தை நீங்கள் தொடரலாம். ஆனால் கடற்கரை ஊர்க்காரர்கள் கறிக்குப் பதில் சீலா மீன் வாங்கிப் பொரித்தால், சட்டம் நிறைவேறும், தவம் நடக்காது. அன்று பருப்புக் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீனுக்கு ஆகும் பணத்தை எண்ணி, அன்றைக்கே தவக்கால உண்டியலில் போட்டுவிடுங்கள். தருமம், செபம், நோன்பு மூன்றையும் இயேசு சேர்த்தே போதித்தார். நாம் விட்டது பசித்த ஒருவர் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எசாயா 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நோன்பு நாளிலும் சண்டை பிடிப்பவர்களை ஆண்டவர் அங்கே கண்டிக்கிறார். பசித்தவருக்கு உணவிடச் சொல்லும் அதே இடத்தில், சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காதிருக்கவும் சொல்கிறார். உங்கள் தங்கையின் பேச்சு அங்கேதான் வருகிறது, அம்மா. சர்க்கரை நோய் தடுக்காத நோன்பு இது, பட்டினியைவிடக் கடினமானது.

போன வருடக் குருத்தோலையைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பீர்கள். அந்த ஓலைகளை வாங்கி எரித்துத்தான் திருநீற்றுப் புதனுக்குக் கோவிலில் சாம்பல் எடுக்கிறோம். கூடை நிறைய ஓலை சில நிமிடங்களில் எரிந்து, கைப்பிடிச் சாம்பல்தான் மிஞ்சும். அதை நெற்றியில் பூசும்போதெல்லாம், நாம் மல்லுக்கட்டும் சொத்தும் வீம்பும் கடைசியில் இவ்வளவுதானே என்று எனக்குத் தோன்றும்.

இன்றே செபமாலையில் ஒரு பத்து மணியைத் தங்கைக்காக ஒப்புக்கொடுங்கள். அடுத்த வாரம் போன் செய்யுங்கள். சொத்துப் பேச்சு வேண்டாம். அதைப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம். "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் எடுக்காவிட்டால் மறுவாரமும் கூப்பிடுங்கள். மூத்தவர் நீங்கள்; குருத்து ஞாயிறு வருமுன் நீங்களே முதலில் பேசிவிடுங்கள், அம்மா.