உண்ணும் இடமும் ஒரு சந்நிதி

மனிதன் நாள்தோறும் தவறாது செய்யும் செயல்களுள் உண்பது ஒன்று. ஜபத்திற்கு நேரமில்லை என்பவரும் உணவுக்கு நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும். ஆயினும் மிகக் குறைந்த கவனத்துடன் நடைபெறும் செயலும் அதுவே. ஒருவர் தொலைக்காட்சியின் முன் உண்கிறார். மற்றொருவர் கைபேசியில் கண் பதித்தபடி உண்கிறார். இன்னொருவர் நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடுகிறார். ஒரே வீட்டில் நால்வர் நான்கு நேரத்தில் உண்டு எழுகின்றனர். காலையில் என்ன உண்டோம் என்பது மாலையில் நினைவில் இல்லை.

இக்குறையைப் போக்க, "கவனமாக உண்" என்று மனத்திற்கு ஆணையிட்டால் போதாது. மனம் ஆணைக்கு எளிதில் பணிவதில்லை. கவனம் தானே வந்து அமரும்படி உண்ணும் இடத்தை அமைப்பதே முன்னோர் கண்ட வழி. அவ்வழியைத் தெளிவாகக் காட்டும் ஊர்களுள் ஒன்று மைசூரு.

இலையின் ஒழுங்கு

மைசூருப் பகுதியின் மரபான இல்லங்களில் விழா நாட்களில் இலை போடும் முன்பே வேலை தொடங்கிவிடும். தரையைத் துடைத்துத் தூய்மை செய்வர். இலை விரிக்கும் இடத்தைச் சுற்றி அரிசிமாவினாலோ வெண்பொடியினாலோ ரங்கவல்லி எனப்படும் கோலம் இடுவர். நுனி இடப்புறம் அமையுமாறு வாழையிலை விரித்து நீர் தெளிப்பர். பின்னர் உப்பு, ஊறுகாய், பருப்பும் வெள்ளரியும் கலந்த கோசம்பரி, பல்யம் எனப்படும் பொரியல், கொஜ்ஜு ஆகியவை இலையின் மேற்பகுதியில் அதனதன் இடத்தில் வந்து அமரும். கீழ்ப்பகுதியில் சோறும், தொவ்வெ எனப்படும் பருப்பும், நெய்யும். அடுத்து சாறு, ஹுளி, இனிப்பு, முடிவில் தயிர்ச்சோறு. பந்தி நிறைவுற்றபின் வெற்றிலை. மைசூரு வெற்றிலையும் அண்மையிலுள்ள நஞ்சன்கூட்டின் ரசபாளை வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள்.

தமிழக இல்லங்களுக்கும் இவ்வொழுங்கு புதிதன்று. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. சோறும் நெய்யும் வந்தவுடன் எவரும் கைவைப்பதில்லை. மூத்தவர் ஒருவர் இறைவன் திருநாமத்தை உரக்கக் கூறுவார். பந்தியில் உள்ளோர் ஒருங்கே மறுமொழி கூறுவர். பரிசேஷனம் செய்யும் வழக்கமுடையோர் நீரால் இலையைச் சுற்றுவர். அதன்பின்னரே முதற்கவளம். பசி வயிற்றில் இருக்கிறது. மணம் நாசியை எட்டுகிறது. நிறைந்த இலை கண்முன் உள்ளது. ஆயினும் கை அசையாமல் இருக்கிறது. அந்தச் சில கணங்கள் புலனடக்கத்தின் முதற்பாடம். குழந்தைகள்கூட அப்பாடத்தை விளக்கவுரையின்றிக் கற்றுக்கொள்கின்றனர். கோலமும் இலையின் ஒழுங்கும் அந்தக் காத்திருத்தலை இனிதாக்குகின்றன. பார்ப்பதற்கு ஒன்று இருப்பதால் மனம் வேறிடம் ஓடுவதில்லை.

மருத்துவ நூல்களின் கருத்து

இவ்வழக்கங்களை வெறும் சடங்கு என்று ஒதுக்குவோர் ஆயுர்வேத நூல்களைக் காணவேண்டும். சரக சம்ஹிதை விமானஸ்தானத்தில் உண்ணும் முறையை விரித்துரைக்கிறது. சூடாக, தகுந்த அளவில், முன் உண்டது செரித்தபின் உண்ணவேண்டும் என்பவற்றோடு, மனத்திற்கு உகந்த இடத்தில், உகந்த பாத்திரங்களுடன் உண்ணவேண்டும் என்பதும் அங்கே ஒரு விதி. விரும்பத்தகாத இடத்தில் உண்பவனின் உள்ளத்தில் கலக்கம் எழும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மிக விரைவாக உண்பவன் உணவின் நிறைகுறைகளை அறிவதில்லை. மிக மெதுவாக உண்பவனுக்கு உணவு ஆறிப்போவதோடு, நிறைவும் இன்றி அளவும் மிகுகிறது. எனவே வீண்பேச்சும் சிரிப்பும் இன்றி, உணவிலேயே மனம் வைத்து உண்க என்று அந்நூல் அறிவுறுத்துகிறது.

சுச்ருத சம்ஹிதை பரிமாறும் ஒழுங்கையே வகுத்துத் தருகிறது. அகன்ற, தூய, அழகிய கலத்தில் சோறு எதிரே இருக்கவேண்டும்; பழங்களும் உலர்ந்த தின்பண்டங்களும் வலப்புறம்; நீர்ம உணவுகள் இடப்புறம். நெய்க்கு இரும்புக் கலம், பழத்திற்கு இலை, பருகும் நீருக்கு மண்கலம் எனப் பொருளுக்கேற்ற பாத்திரமும் கூறப்பட்டுள்ளது. உண்ணும் இடம் அமைதியும் தூய்மையும் நறுமலர்களும் உடையதாக இருக்கவேண்டும் என்கிறது.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுமையாக எட்டச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும் என்று இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். பத்து நிமிடத்தில் உண்டு முடிப்பவன், போதும் என்ற குரலைக் கேட்பதற்கு முன்பே அளவைக் கடந்துவிடுகிறான்.

இரு ஆசாரியர்கள், ஒரு சொல்

ஆகாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும். உள்ளம் தூயதானால் இறைநினைவு நிலைபெறும் என்பது சாந்தோக்கிய உபநிஷதத்தின் கருத்து. இங்கே 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இருவகையாகப் பொருள் கொண்டனர்.

ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்து, மைசூருக்கு வடக்கே உள்ள மேலுகோட்டையில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஸ்ரீராமானுஜர், உண்ணும் உணவின் தூய்மையை வலியுறுத்தினார். பொருளின் இயல்பால் வரும் குற்றம், அது வந்த இடத்தால் வரும் குற்றம், அழுக்கு முதலியன கலப்பதால் வரும் குற்றம் ஆகிய மூன்றும் நீங்கிய உணவே ஏற்றது என்பது அவர் கொள்கை. ஸ்ரீசங்கரரோ புலன்கள் உள்ளே கொண்டுவரும் அனைத்தும் ஆகாரமே என்றார். கண்ணுக்குக் காட்சி உணவு. செவிக்கு ஒலி உணவு.

1892-இல் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராக அவ்வூரில் தங்கிய சுவாமி விவேகானந்தர், பின்னாளில் தமது 'பக்தியோக'த்தில் இவ்விரு விளக்கங்களையும் எடுத்துக்கூறி, இரண்டுமே தேவை என்று தெளிவுபடுத்தினார்.

உண்ணும் இடத்தை அழகுறச் செய்வதன் உட்பொருள் இங்கே விளங்குகிறது. அடுப்பில் சமைப்பது நாவுக்கான உணவு. துடைத்த தரை, கழுவிய கலம், ஒரு மலர், அமைதி ஆகியவை ஏனைய புலன்களுக்கான உணவு. தட்டில் தூய சாதமும் எதிரே தொலைக்காட்சியில் சண்டையும் இருக்குமானால் பாதி உணவே தூயது.

அழகும் ஆடம்பரமும்

அழகு செலவைப் பொறுத்ததன்று. வெள்ளித்தட்டும் தைத்த இலையும் இவ்வகையில் சமம். கவனத்தை உணவின்பால் திருப்புவது அழகு. அளிப்பவரின்பால் திருப்புவது ஆடம்பரம். பதார்த்தங்களைப் படம் எடுத்துப் பலருக்கும் அனுப்பிவிட்டு ஆறியபின் உண்பதில் காட்சி உண்டு, கவனம் இல்லை. இலை நிறையப் பரிமாறி, பாதியை எறியும் விருந்திலும் அழகு இல்லை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கோலமிட்டு இலை விரித்த பழைய பந்திகள் பல, பிறப்பைக் காட்டிச் சிலரை வெளியே நிறுத்தின. தீண்டாமையைச் சமயமாக்கிச் சமையலறைக்குள் அடைத்ததைச் சுவாமிஜி கடுமையாகக் கண்டித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் முதலிய சரணர்கள் வளர்த்த தாசோகம் என்னும் அன்னசேவை இக்குறைக்கு மாற்றாக எழுந்தது. கபிலை ஆற்றங்கரையிலுள்ள சுத்தூர் மடம் போன்ற இடங்களில் அது இன்றும் தொடர்கிறது.

இல்லத்திற்குள்ளும் ஒரு வெளிநிறுத்தம் நடைபெறுகிறது. அனைவருக்கும் அழகுறப் பரிமாறிய தாய், எல்லோரும் எழுந்தபின் ஆறிய மிச்சத்தைச் சமையலறை மூலையில் தனியே உண்கிறாள். அவளுக்கு ஓர் இலை விரிக்காத வீட்டில், எத்தனை கோலமிட்டாலும் உண்ணும் இடம் சந்நிதி ஆகாது.

வாரம் ஒரு நாள்: பயிற்சி

1. வாரத்தில் ஒரு வேளையேனும் இல்லத்தார் அனைவரும் சேர்ந்து உண்க. தரையோ மேஜையோ, இடத்தைத் துடைத்து, தொடர்பில்லாத பொருள்களை அகற்றுக.

2. சிறு கோலமோ ஒரு மலரோ வைக்கும் பொறுப்பைக் குழந்தைகளுக்கு அளிக்கவும்.

3. தொலைக்காட்சி, கைபேசி ஆகியவை வேறு அறையில் இருக்கட்டும்.

4. பரிமாறியபின் ஒரு நிமிடம் மௌனம். உழவர் முதல் சமைத்தவர் வரை, இவ்வுணவுக்காக உழைத்த கைகளை நினைத்து இறைவனுக்கு அர்ப்பணிக்கவும்.

5. முதல் ஐந்து கவளங்களைப் பேசாமல் உண்க. பிறகு பேசுவது இனியதாக இருக்கட்டும்.

6. பதார்த்தங்களை நடுவில் வைத்து, சமைத்தவரும் உடன் அமர்க. பரிமாறும் பணியை முறைவைத்துப் பகிர்ந்துகொள்க.

சிந்தனைக்கு

நேற்றைய உணவில் எந்தப் பதார்த்தத்தின் சுவை நினைவில் நிற்கிறது?

உண்ணும்போது கண்ணும் செவியும் எதை உண்டன?

இல்லத்தில் கடைசியாக உண்பவர் யார்? அவருக்குப் பரிமாறுபவர் யார்?