பைத்தான் சாளர மாட்யூல்களும் லிங்க்கர் பிழைகளும்

2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் வழியே திருவண்ணாமலை மாவட்ட மாணவர்களுக்கும் அறிமுகமான பாஸ் லினக்ஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளமாகும். இத்தகைய லினக்ஸ்களில், ஜிடிகே நூலகத்தின் துணையுடன் சாளரங்களை வரையும் பைத்தான் மாட்யூலைச் சி மொழியில் எழுதித் தொகுக்க முற்படுவோர் அடிக்கடி சந்திப்பது லிங்க்கர் பிழை. லிங்க்கர் என்பது, கம்பைலர் ஆக்கித் தந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை வெளி நூலகங்களோடு பிணைத்து, அவற்றில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒவ்வொரு செயற்கூறும் எங்குள்ளது எனத் தேடிப் பொருத்தும் கருவி.

தொகுக்கும்போதே 'கேனாட் ஃபைண்ட் -எல்ஜிடிகே-3' என்று வந்தால், நூலகமே இல்லையென முடிவுகட்டக் கூடாது. இயங்குவதற்குரிய 'லிப்ஜிடிகே-3.எஸ்ஓ.0' ஒரு பொதியிலும், லிங்க்கர் தேடும், இறுதி எண் இல்லாத பெயர் 'டெவ்' என முடியும் வேறொரு பொதியிலும் இருப்பதால், பின்னதை நிறுவினாலே சிக்கல் தீரும். அந்தப் பெயரைக் கையால் உருவாக்கிக்கொள்ளும் குறுக்குவழி பலரும் சொல்வதுதான் என்றாலும், ஹெடர் கோப்புகளும் நூலகமும் வெவ்வேறு பதிப்புகளாகிப் பின்னர் தொல்லை தரும் என்பதால் அது தவிர்க்கத்தக்கது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் கைப்பேசி இணையம் திணறக்கூடிய ஊரில், டெவ் பொதிகளை முன்னதாகவே இறக்கி வைத்திருப்பது நலம்.

கூடுதல் கவனம் வேண்டுவது, தொகுப்பு எவ்விதப் பிழையுமின்றி முடிந்து, இம்போர்ட் செய்யும்போது மட்டும் 'அன்டிஃபைன்ட் சிம்பல்: ஜிடிகே_விண்டோ_நியூ' என்று தோன்றும் நிலை. பைத்தானின் சொந்தச் செயற்கூறுகள் ஓடும் பைத்தானிடமிருந்தே கிடைக்க வேண்டியவை என்பதால், மாட்யூலில் நிரம்பாத பெயர்களை லிங்க்கர் பொறுத்துக்கொள்கிறது. அந்தச் சலுகையில் ஜிடிகேயின் பெயர்களும் தப்பிவிடுகின்றன. உபுண்டு 11.10 முதல் ஜிசிசி கம்பைலர் 'ஆஸ்-நீடட்' விருப்பத்தை இயல்பாகவே லிங்க்கருக்குத் தருவதால், கட்டளையில் ஆப்ஜெக்ட் கோப்புக்கு முன்னால் எழுதப்பட்ட நூலகம் தேவையற்றதெனக் கழிக்கப்படுகிறது. 'எல்டிடி' கட்டளை காட்டும் பட்டியலில் ஜிடிகே வரியே இல்லையெனில் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு மிகுதி. நூலகப் பெயரை எல்டிஃப்ளாக்ஸில் அன்றி, செட்அப் கோப்பின் 'லைப்ரரீஸ்' பகுதியில் எழுதினால் அது ஆப்ஜெக்ட் கோப்புக்குப் பின்னே சென்று அமையும். வரி இருந்து 'நாட் ஃபவுண்ட்' என்றிருந்தால் குறை பிணைப்பில் இல்லை, தேடும் பாதையில் உள்ளது. 'எல்டிகான்ஃபிக்' அதைச் சீர்செய்யும்.

சி++ மொழியிலான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போன்றவற்றில், விடுபட்ட பெயரினுள் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்ற துணுக்கு தென்பட்டால், நூலகமும் மாட்யூலும் 2015-இல் வெளியான ஜிசிசி 5-க்கு முன்னும் பின்னுமான கம்பைலர்களால் ஆக்கப்பட்டவையா என்று பார்த்து, இரண்டையும் ஒரே கம்பைலரால் மீண்டும் தொகுக்க வேண்டும்.