சிறையில் கற்ற நிறைவு

பொருள் பெருகுவதால் மட்டும் மனம் நிறைந்துவிடுவதில்லை என்பதை இன்றைய நுகர்வுக் கலாசாரம் நாள்தோறும் மெய்ப்பித்து வருகிறது. மனநிறைவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு தரும் சிறந்த விடைகளுள் ஒன்று, ஒரு சிறைக் கடிதத்தில் உள்ளது. புனித பவுல் பிலிப்பி நகரத்து அன்பர்களுக்கு எழுதிய கடிதம் அது.

மாசிடோனியாவிலிருந்த பிலிப்பி, செல்வத்தின் சுவை அறிந்த ஊர். அதன் சுற்றுப்புறம் பொன் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. கி.மு. 42-இல் அங்கு நடந்த போருக்குப் பின் ரோமானியப் படைவீரர்கள் நிலம் பெற்றுக் குடியேறினர். பவுலின் போதனையை அங்கே முதலில் ஏற்றவர்களுள் ஒருவரான லீதியாள், அந்நாளைய ஆடம்பரப் பொருளான இரத்தாம்பரத் துணியை விற்றுவந்தவர்.

பவுல் சிறைப்பட்ட செய்தி கேட்டு இவ்வூர் அன்பர்கள் எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் பொருளுதவி அனுப்பினர். அக்காலச் சிறைவாசிகள் உணவுக்கே பெரும்பாலும் உற்றாரை நம்பியிருந்தனர். ஆயினும் நன்றி கூறும் இடத்தில் பவுல் விந்தையான ஒன்றைச் சொல்கிறார்: குறை இருந்ததால் இதைக் கூறவில்லையாம், எந்நிலையிலும் நிறைவோடிருக்க அவர் கற்றுக்கொண்டாராம்.

கற்றுக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறைவு அவருக்குப் பிறவிச் சுபாவமாக வாய்க்கவில்லை. அவர் ஆளும் 'ஆட்டார்கேஸ்' என்ற கிரேக்கச் சொல் ஸ்டோயிக் தத்துவவாதிகள் போற்றியது. தன்னிறைவு உடையவன் என்பது பொருள். ஸ்டோயிக் ஞானி தன் விவேகத்தையே ஊன்றி நிற்பவன். பவுல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு ஊன்றுகோலை மாற்றிவிடுகிறார். அவரது வலிமை கிறிஸ்துவிடமிருந்து வருவது. ஆகவேதான் பிறர் கொடுத்ததைப் பெறுவது அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை.

அடுத்து வரும் சொல் இன்னும் நுட்பமானது. மறைச் சடங்குகளில் தீட்சை பெறுவதைக் குறிக்கும் சொல் அது. பசித்திருக்க மட்டுமல்ல, உண்டு நிறையவும் தாம் தீட்சை பெற்றதாகப் பவுல் கூறுகிறார். வறுமையைத் தாங்கப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் ஒப்புவர். மிகுதியைத் தாங்கவும் பயிற்சி வேண்டும் என்று எண்ணுவோர் அரியர். சென்ற ஆண்டு வாங்கிய கைபேசியைப் பழசாகக் காட்டும் விளம்பரங்களின் நடுவே வாழும் மனிதனுக்கு இந்தப் பாதியே அதிகம் தேவைப்படுகிறது.

கிறிஸ்துவின் துணையால் எல்லாம் இயலும் என்று இதையடுத்து வரும் வாக்கியம் இன்று வெற்றி மந்திரமாகிவிட்டது. அதன் எண்ணை முகத்தில் எழுதிக்கொண்டு களமிறங்கிய விளையாட்டு வீரரும் உண்டு! மூலத்திலோ அது வெற்றியைப் பற்றிய பேச்சே அன்று. இயலும் என்று பவுல் சொன்னது பசியையும் நிறைவையும் ஒருபோல் ஏற்பதைத்தான்.

கடிதத்தின் முடிவில் அவர் வணிகர்களின் மொழிக்கு வருகிறார். முழுதும் பெற்றுக்கொண்டேன் என ரசீதுகளில் எழுதப்பட்ட அதே சொல்லை இட்டு, தமக்கு வந்தது போதுமானதற்கும் மேல் என்கிறார். நோயுற்று மரணத்தின் வாயில்வரை சென்று மீண்ட எப்பாப்பிரோதீத்துவிடமே அந்த ரசீதைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறார், விலங்கு பூண்ட அந்தக் கைதி.