தையல் ஏன் விட்டுப் போகிறது?

விளையாட்டுச் சட்டையின் ஓரத்தை மடித்து ஸிக்ஸாக் தையல் போடுகிறீர்கள். முடித்துப் பார்த்தால் சில இடங்களில் நெளிவைக் காணோம்; நூல் மட்டும் துணியின் மேல் நீளமாகக் கிடக்கிறது. சட்டையை நாலு முறை போட்டுக் கழற்றினால் அந்த இடம் பிரிந்துவிடும். உடனே, “இயந்திரம் பழசாகிவிட்டது, வேறு வாங்கலாம்” என்ற பேச்சு வீட்டில் எழும்.

மாணவர்களே, அவசரப்பட வேண்டாம். விட்டுப்போன தையலையே முதலில் உற்றுப் பாருங்கள். பழுது எங்கே இருக்கலாம் என்பதற்கான தடயம் அதிலேயே இருக்கிறது. அதைப் படிக்க, ஒரு தையல் உருவாகும் விதம் தெரிந்தால் போதும்.

ஊசியும் கொக்கியும்

கைத்தையலில் ஊசி துணியை முழுவதும் கடந்து மறுபக்கம் போய்த் திரும்பும். தையல் இயந்திரத்தின் ஊசி அப்படிப் போவதில்லை. அதன் காது முனைக்கு அருகில் இருக்கிறது. இத்தகைய ஊசியையும் இரண்டு நூல்களையும் கொண்டு பூட்டுத் தையல் போடும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மேல்நூல் ஊசியில் வருகிறது. கீழ்நூல் பாபினில் இருக்கிறது. இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன.

ஊசி மிகத் தாழ்ந்த நிலைக்குப் போய், மீண்டும் 2 முதல் 2.5 மி.மீ. வரை மேலேறுகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் உண்டு. அந்தப் பக்கத்து நூல் பள்ளத்துக்குள் ஒதுங்கி எளிதாக நழுவும். எதிர்ப்பக்கத்து நூலுக்கு அந்த வசதி இல்லை. அது துணியோடு உராய்ந்து மேலே வர முடியாமல் தங்குகிறது. ஊசி மட்டும் ஏறுவதால், தங்கிய நூல் காதுக்குச் சற்று மேலே சிறு வளையமாகப் புடைக்கிறது. சரியாக அந்த வேளையில் கொக்கியின் கூர்முனை ஊசியை ஒட்டி வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த வளையத்தைப் பாபினைச் சுற்றி எடுத்துச் செல்லும், தையல் பூட்டிக்கொள்ளும். பிடிக்கத் தவறினால் தையல் விட்டுப் போகும்.

ஊசிக்கும் கொக்கிக்கும் இடையிலான இந்த ஒத்திசைவைத்தான் ‘டைமிங்’ என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஊசி மேலும் கீழும் மொத்தம் 30 மி.மீ. நகர்கிறது, இயந்திரம் நிமிடத்துக்கு 800 தையல் போடுகிறது. அப்படியானால் ஒரு தையலுக்கு 60 ÷ 800 = 0.075 வினாடி, அதாவது 75 மில்லிவினாடி.

ஊசி சுழலும் அச்சால் இயக்கப்படுவதால், அடிநிலையிலிருந்து அது ஏறும் உயரத்தை ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

உயரம் = 15 × (1 − கோசைன் கோணம்)

உயரம் 2.4 மி.மீ. என்றால் கோசைன் மதிப்பு 0.84, கோணம் ஏறத்தாழ 33 பாகை. முழுச் சுற்றான 360 பாகைக்கு 75 மில்லிவினாடி என்றால், 33 பாகைக்கு ஏறத்தாழ 7 மில்லிவினாடி. அந்தக் கணத்தில் ஊசி மேலேறும் வேகம் மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. ஆகவே கொக்கி ஒரே ஒரு மில்லிவினாடி பிந்தினாலும் ஊசி 0.7 மி.மீ. கூடுதலாக ஏறியிருக்கும். இத்தனை சிறிய வளையத்துக்கு அது பெரிய மாற்றம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இயந்திரம் மெதுவாக ஓடினாலும் அந்த 33 பாகை மாறாது. டைமிங் என்பது கோணங்களுக்கு இடையிலான உறவு. அதனால்தான் கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பியே அதைச் சோதிக்க முடிகிறது.

ஸிக்ஸாக்கில் என்ன சிக்கல்?

நேர்த்தையலில் ஊசி ஒரே இடத்தில் இறங்குகிறது. ஸிக்ஸாக்கில் அது ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் இறங்கும். வீட்டு இயந்திரங்களில் பெரும அகலம் பெரும்பாலும் 5 அல்லது 7 மி.மீ. கொக்கி முனையோ எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கம் இறங்கிய ஊசியை அது முன்னதாக எட்டுகிறது. மறுபக்கம் இறங்கிய ஊசியைப் பிந்தி எட்டுகிறது. அதற்குள் அந்த ஊசி கூடுதலாக ஏறிவிடுகிறது. காதும் கூடவே ஏறுகிறது. எனவே தூரப் பக்கத்தில் கொக்கி முனை காதுக்கு மிக அருகில் கடக்கிறது. இரு பக்கமும் வளையம் சிக்கும்படி நடுவாக அமைப்பதே ஸிக்ஸாக் டைமிங்கின் நுட்பம்.

இனி தடயத்தைப் படிக்கலாம்.

• இரு பக்கமும் ஒழுங்கின்றி விட்டுப் போகிறதா? முதலில் ஊசி, நூல், துணி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

• தூரப் பக்கம் மட்டும் விடுகிறதா? கொக்கி பிந்தி வரலாம், அல்லது ஊசித்தண்டு உயர்ந்திருக்கலாம். முனை காதை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போய்விடுகிறது.

• அருகுப் பக்கம் மட்டும் விடுகிறதா? கொக்கி முந்தி வரலாம், அல்லது ஊசித்தண்டு தாழ்ந்திருக்கலாம். வளையம் போதிய அளவு புடைக்கும் முன்பே முனை கடந்துவிடுகிறது.

வளைந்த ஊசியும் ஒரு பக்கம் மட்டும் தையலை விடச் செய்யும். ஆகவே தடயம் எதுவானாலும் புதிய ஊசியோடுதான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

எளியது முதலில்

முதலில் மின்செருகியைக் கழற்றுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. புதிய ஊசி போடுங்கள். அது முட்டும்வரை மேலே ஏற வேண்டும். தட்டைப் பக்கம் கையேடு சொல்லும் திசையில் இருக்க வேண்டும்.

2. துணிக்கேற்ற ஊசியா என்று பாருங்கள். 90/14 என்ற எண்ணில் 90 என்பது ஊசித்தண்டின் விட்டம் 0.90 மி.மீ. என்பதைக் குறிக்கும். இழுத்தால் நீளும் துணிக்கு, முனை சற்று உருண்ட ‘ஸ்ட்ரெட்ச்’ ஊசி தேவை.

3. மேல்நூலை முழுவதும் எடுத்துவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிய நிலையில் மீண்டும் கோருங்கள். அப்போதுதான் நூலை இறுக்கும் தட்டுகள் திறந்து நூலை உள்ளே விடும்.

4. பாபின் பகுதியில் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் நீக்குங்கள்.

5. ஊசி ஏறும்போது துணியும் கூடவே எழும்புகிறதா? அப்படியானால் உராய்வு குறைந்து வளையம் புடைக்காது. பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டுங்கள், அல்லது துணிக்கு அடியில் மெல்லிய தாள் வைத்துத் தையுங்கள்.

இவை எதற்கும் மசியவில்லை என்றால்தான் டைமிங். கைச்சக்கரத்தை வழக்கமான திசையில் மெல்லத் திருப்பி, கொக்கி முனை ஊசியை எந்த இடத்தில் கடக்கிறது என்று இரு பக்கமும் பாருங்கள். ஊசி எதிலாவது மோதி உடைந்த பிறகு தையல் விடத் தொடங்கியிருந்தால், டைமிங் நகர்ந்திருக்கலாம். கொக்கி முனையும் சிதைந்திருக்கலாம். திருகைத் தளர்த்திச் சரிசெய்யும் வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். ஆனால், “அகல ஸிக்ஸாக்கில் இடப்பக்கம் மட்டும் விடுகிறது, ஊசி மாற்றியும் பார்த்துவிட்டேன்” என்று நீங்கள் சொல்ல முடிந்தால், அவருடைய தேடல் வெகுவாகக் குறையும்.

செய்து பாருங்கள்

ஒரே பருத்தித் துணியில் நேர்த்தையல், குறுகிய ஸிக்ஸாக், அகல ஸிக்ஸாக் என மூன்று வரிசை தையுங்கள். ஒவ்வொன்றிலும் 50 தையலில் எத்தனை விட்டுப் போயின, எந்தப் பக்கம் என்று குறியுங்கள். பிறகு ஊசியை மட்டும் மாற்றி மீண்டும் தையுங்கள். இங்கே ஊசி தற்சார்பு மாறி. விட்டுப்போன தையல்களின் எண்ணிக்கை சார்பு மாறி. நூல், துணி, வேகம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

சிந்திக்க: ஓர் இயந்திரம் நேர்த்தையலிலும் குறுகிய ஸிக்ஸாக்கிலும் ஒழுங்காகத் தைக்கிறது. அகல ஸிக்ஸாக்கில் மட்டும் தூரப் பக்கம் தையல் விடுகிறது. ஊசி புதியது. பழுது எதுவாக இருக்கலாம்? குறுகிய ஸிக்ஸாக்கில் அது ஏன் தலைகாட்டவில்லை?