அரச்சலூர் குன்றில் படித்த மண் பாடம்

வங்கியில் முப்பத்தி நாலு வருசம் வேலை. ஆழ்குழாய்க் கிணறு கேட்டு வந்த கடன் மனுக்களில் எத்தனையோ கையெழுத்துப் போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் அதே தப்பை என் காட்டிலும் செய்தேன். காங்கேயம் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் கொரங்காடு. அதிலிருந்த வெள்வேல மரங்களை வெட்டி, புல்லை உழுது, சொட்டுநீர் போட்டு வாழை வைத்தேன். 800 அடி போர் இரண்டாவது கோடையில் வெறும் காத்தைத்தான் விட்டது. வாழை கருகியது. மிஞ்சிய மண் சுட்ட செங்கல் மாதிரி கிடந்தது. "சைட் போட்டு வித்துரலாம்ப்பா" என்கிறான் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கும் மகன். பதில் சொல்ல முடியாமல் இருந்தபோதுதான் இந்தப் பயணம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பனியன் கம்பெனிகளுக்கு லீவு என்பதால், கட்டிங் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்க நினைக்கும் தம்பி ஒருவரும் வந்தார். எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர். ஆடு மேய்த்தே வயசான பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரையும் கூட்டிக்கொண்டோம். போனது ஈரோடு மாவட்டம் அரச்சலூர், நாகமலைக் குன்றில் உள்ள ஆண்டிப்பாறைக் குகை.

குகை என்றதும் சுரங்கம் மாதிரி நினைக்க வேண்டாம். கவிந்த பாறை, அதன் நிழல், அவ்வளவுதான். அதில் தமிழி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. அதை வெளி உலகுக்குக் கொண்டுவந்தவர் ஈரோடு புலவர் செ. இராசு. த, தை, தா, தே என்ற எழுத்துகள் ஐந்து வரியில், வரிக்கு ஐந்தாக நிற்கின்றன. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றே வரும். இசைக்கோ கூத்துக்கோ உரிய அடைவு என்கிறார்கள். எழுத்துகளை அப்படிக் கோத்தவன் பெயரும் அங்கேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் மணியையும் காசையும் சோதித்துத் தரம் சொல்பவன். நொய்யல் கரைக் கொடுமணலில் மணி வேலை நடந்த நாடல்லவா இது! கவுன்ட்டரில் கள்ளநோட்டைத் தடவிப் பார்த்துக் காலம் கழித்த எனக்கு, நம்ம ஆள் ஒருத்தனைப் பார்த்த சந்தோசம். (போகிறவர்கள் எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.)

பெரியவர் கல்வெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிவிட்டார். "ஏனுங்க மேனேஜரு, இந்த மலைக்கு யாருங்க தண்ணி கட்டறா?" என்றார் அங்கிருந்து.

சுற்றிலும் முள்ளும் புதரும் கலந்த காடு. உசில், வேம்பு, ஆவாரை, நுணா, கிளுவை, நடுநடுவே வெள்வேல். எல்லாம் நம் பக்கத்துச் சனங்கதான். வெள்வேலத்தடியில் சருகை விலக்கினேன். மேலே காய்ந்த இலை, அடுத்து பாதி மட்கியது, அதற்கும் கீழே கறுத்த மண். கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது, விரலால் தொட்டால் உதிர்ந்தது.

கையோடு கொண்டுபோன, இரண்டு பக்கமும் வெட்டிய டப்பாவை மண்ணில் லேசாக அழுத்தி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு நிமிசத்தில் குடித்துவிட்டது. பத்தடி தள்ளி, ஆள் நடந்து இறுகிய தடத்தில் ஊற்றினால் கால் மணி நேரமாகியும் நின்றது. மறுநாள் என் நிலத்தில் ஊற்றினேன். அந்தத் தடமே தேவலை!

கணக்குப் போடாமல் என்னால் இருக்க முடியாது. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் ஒரு லட்சம் லிட்டர். நாலு ஏக்கருக்கு நாலு லட்சம். அத்தனையும் என் காட்டில் விழுந்து, செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போயிருக்கிறது. நான் 800 அடிக்குக் கீழே தேடியிருக்கிறேன். அப்பாவின் கொரங்காடு இந்தக் குன்றின் சரிவையே சமதளத்தில் போட்டது போன்றது: வேலிக்குக் கிளுவை, நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல், தரைக்கு மூடாக்காகக் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடு வளர்ந்ததே அதில்தான். வங்கிப் பதிவில் அதைத் 'தரிசு' என்று எழுதியவன் நான்.

மலையிலிருந்து விதையோ மண்ணோ எதுவும் எடுத்து வரவில்லை. வேண்டியது ஊருக்குள்ளேயே கிடைக்கிறது. கொழுக்கட்டைப்புல் விதை பஞ்சு மாதிரி, தனியாகத் தூவினால் பறந்துவிடும். செம்மண்ணும் சாணமும் கலந்து, மழை ஈரத்தில் தூவி, முள் இழுத்து லேசாக மூடினோம். ஆழமாக உழுது புதைத்தால் முளைக்காது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு. வேலியில் இடைவெளி விட்ட இடமெல்லாம் கிளுவைப் போத்து. வெள்வேலுக்கு நாற்றுப்பை தேவையில்லை என்றார் பெரியவர். காய் தின்ற செம்மறியைக் கோடையில் பட்டி போட்டால் புழுக்கையோடு விதை விழுந்து மழைக்கு முளைக்கும். வருகிற கன்றில் ஏக்கருக்கு இருபதை மட்டும் விட்டு மீதியைக் களையச் சொன்னார்.

முதல் வருசம் புல் விதை கட்டி உதிரும் வரை ஆடு மாடு உள்ளே விடக்கூடாது. இதில்தான் பலர் தோற்கிறார்கள், பச்சையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எனக்கு இப்போது நாலில் ஒரு ஏக்கரில்தான் புல் பிடித்திருக்கிறது. மேல்கோடியில் இன்னும் பொட்டல். மகனிடம் இரண்டு மழை தவணை கேட்டிருக்கிறேன். "வட்டி எவ்வளவுப்பா?" என்று சிரித்தான். கட்டிங் தம்பியின் பன்னிரண்டு செம்மறிக் குட்டிகள் கோடையில் பட்டிக்கு வருகின்றன, டப்பாச் சோதனையை மேல்கோடியில் மறுபடி செய்ய வேண்டும்.