வேனிலும் குறையாத திருநாளும்

வேனில் வந்தால் வெயிலை நொந்துகொள்கிறோம். ஆனால் சித்திரையில்தான் ஞாயிறு மேட இராசியில் உச்சம் பெறுகிறது. அதனை ஒட்டிய வளர்பிறை மூன்றாம் நாளான அட்சய திருதியையில், பெரும்பாலும் திங்களும் இடபத்தில் உச்சம் பெறும். ஆதலின் சோதிடர் இந்நாளைப் போற்றுவர்.

நம் தத்துவார்த்த சூத்திரம் ஞாயிறு, திங்கள், கோள், நாண்மீன், தாரகை என்னும் ஐந்தையும் சோதிட தேவர் என்று வகுத்து, காலப்பிரிவு அவற்றால் அமைகிறது என்கிறது. அவை காலம் காட்டுவன. இன்ப துன்பம் தருவது நம் வினையே.

அங்ஙனமாயின் இந்நாளுக்குச் சிறப்பு எவ்வாறு வந்தது? முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவர் ஆறு திங்கள் நோன்பிருந்து ஆகாரத்திற்கு எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அந்நாளில் எவரும் அறியார். பொன்னும் மணியும் யானையும் கொண்டுவந்தனர். பெருமான் வாய் திறவாது அகன்றார். மேலும் பல திங்கள் கழிந்தன. அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறப்பு நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். பெருமான் கைகளையே கலமாக ஏந்தி அருந்தினார். அத்தானமே குறையாத பயன் தந்தது.

பெருமான் மறுத்த பொன்னை அதே நாளில் கடன்பட்டு வாங்குதல் தகுமா? மிகுபொருள் விரும்பாமை நம் அறமன்றோ? கரியமாணிக்கம் போன்ற ஊர்களில் கரும்பு அறியாதார் இல்லை. வடிகட்டிய நீரும் கருப்பஞ்சாறும் வழிப்போக்கர்க்கு அளிப்போம்; பறவைக்கும் ஒரு கலத்தில் நீர் வைப்போம்.

சிந்திக்க: பெருமான் எவற்றை மறுத்தார்? எதனை ஏற்றார்? ஏன்? குழந்தைகளிடம் கேட்டு விடை பெறுக.