பச்சை ஏறிய செவுள்

காசிமேடு
3.3.2025

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய செய்தியை உன் அப்பா காட்டினான். ஹாஸ்டல் பசங்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு 14-ஆம் தேதி ஹோலிக்கு வருகிறாயாம், நம் கரையிலேயே கலர் அடிக்கப் போகிறீர்களாம். "சௌகார்பேட்டை சமாச்சாரம் நமக்கு எதுக்கு?" என்று அவன் முறைத்தான். வரட்டும் என்று நான்தான் சொன்னேன். போனில் பேசினால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஒன்று செய். 12-ஆம் தேதியே வந்துவிடுங்கள். அன்று மாசி மகம். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு நம் கரைக்கு வரும். உன் சிநேகிதர்கள் அதையும் பார்க்கட்டும். மயிலாப்பூரில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் மாசிக் கடலாட்டும் வருகிறது, பங்குனி உத்திரமும் வருகிறது. 1,300 வருஷத்துப் பாட்டு அது. வடக்கே ஹோலிகையைக் கொளுத்துகிற சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் மன்மதனைக் கொளுத்துவார்கள். எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடிய லாவணி. உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டான்.

கலர் மட்டும் நமக்குப் புதுசா என்ன? அம்மன் கோயில் திருவிழா முடிகிற நாளில் மஞ்சள் நீராட்டு உண்டு. சின்ன வயதில் நீயும் ஓடியிருக்கிறாய். ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது. மாமன், மச்சான், முறைப்பெண், இவர்கள் மேல்தான் ஊற்றலாம். முறை இல்லாதவர்கள் மேல் ஒரு சொட்டுத் தெறித்தால் அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் பஞ்சாயத்து. உன் பெரியம்மா ஒரு தவலைத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்ததும் அந்த உரிமையில்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை.

ஹோலியில் அந்த முறை கிடையாது. யார் மேலும் யாரும் பூசலாம். அப்படி இருக்கும்போது வாய்விட்டுக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? உன்னோடு படிக்கிற பெண்ணாக இருந்தாலும் கேள். வேண்டாம் என்று தலையசைத்தால் கையை இறக்கு. "பண்டிகைதானே, கோவிச்சுக்காதே" என்று பின்னாலேயே ஓடுகிறவனை எனக்குப் பிடிக்காது. நீ அப்படி ஓடுவதை யாராவது பார்த்து என்னிடம் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே.

இந்த வருஷம் ஹோலி வெள்ளிக்கிழமை வேறு. ரம்ஜான் நோன்பு நேற்றுத்தான் ஆரம்பித்திருக்கிறது. நோன்பு இருக்கிறவர் முகத்தில் தண்ணீர் பீச்சுவது விளையாட்டு ஆகாது. இந்தப் புதன்கிழமை தவக்காலமும் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குப் போகிறவர்கள் தெருவில் நடந்து வருவார்கள். நம் ராயபுரமே புனித ராயப்பர் பெயரில் இருக்கிற ஊர், மறந்துவிடாதே.

இனிச் சொல்லப்போவது உன் அப்பாவுக்கும் தெரியாது. எனக்கு இருபது வயசு இருக்கும். லாஞ்சில் ஏறின புதுசு. ஹோலி அன்று சௌகார்பேட்டைக்குப் போய் ஆடிவிட்டு, மிச்சமிருந்த பொடியை மடியில் கட்டிக்கொண்டு மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு வந்தோம். ஒருவன் மேல் வீசினேன், குனிந்துவிட்டான். பொடி போய் விழுந்தது ஓர் அக்காவின் கூடையில். கூடை நிறையச் சங்கரா மீன். அந்தக்கா திட்டவில்லை. ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைத் தூக்கி, விரலை விட்டுக் கழுவினார். தோலில் இருந்தது போய்விட்டது. செவுளில் ஏறின பச்சை போகவே இல்லை. மீன் வாங்குகிறவர்கள் முதலில் தூக்கிப் பார்ப்பது செவுளைத்தான், சிவப்பாக இருக்கிறதா என்று. அன்று ஒருவரும் வாங்கவில்லை. மறுநாள் பணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் முந்தியில் முடிந்துகொண்டார். இப்போதும் சங்கரா வாங்கினால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-க்குத்தான் தொடங்கும். மார்ச்சில் துறைமுகம் ராத்திரி பகல் தூங்காது. மீன், ஐஸ், வலை இருக்கிற பக்கமே கலரோடு போகாதீர்கள்.

பொடி நானே தயார் செய்கிறேன். மஞ்சள் இருக்கிறது. சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போதும், ஆரத்தித் தட்டில் பார்த்திருப்பாயே. அந்தத் தண்ணீர் கண்ணில் படக்கூடாது, சுண்ணாம்பு எரிக்கும். கழுத்துக்குக் கீழேயே ஊற்றிக்கொள்ளுங்கள். பச்சை மட்டும் கேட்காதே. தேங்காய் எண்ணெயைக் கை கால் முகத்தில் தடவிக்கொண்டு இறங்கினால் கழுவுவது சுலபம்.

ஆடிவிட்டுக் கடலில் குளிக்கிறோம் என்று கிளம்பாதீர்கள். பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி நிற்கும். கரையில் கொட்டியிருக்கிற கல்லெல்லாம் பாசி. நீச்சல் தெரிந்தவனும் அதில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொள்வான். வீட்டில் அடிபம்பு இருக்கிறது.

பழைய லுங்கி ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன். மாசி மகத்தன்று வீட்டில் சைவம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு வஞ்சிரம் வாங்கலாமா என்று உன் பெரியம்மா கேட்கிறாள். அந்தப் பசங்க மீன் சாப்பிடுவார்களா? கேட்டு எழுது.

அன்புடன்,
பெரியப்பா